டவுன்லோடு ஆகிவிட்டது, சாப்ட்வேர் எங்கே?

நமது பகுதி வணிகப் பெருமக்களில் பலர் இன்று கம்ப்யூட்டரில்தான் பில் போடுகிறார்கள். 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தபின், பேரேட்டையும் சிட்டாவையும் மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ளுவது சிரமமாகிவிட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து அரவேணுவுக்கு வரி உள்ள சரக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் லாரியில் ஏறினால் இ-வே பில் வேண்டும். ரிட்டர்ன் தாக்கல் செய்ய, இன்டர்நெட்டிலிருந்து ஒரு சாப்ட்வேரை இறக்கிக்கொள்ளும்படி ஆடிட்டர் சொல்கிறார். சிக்கல் அங்கேதான் ஆரம்பமாகிறது. "பட்டனை அழுத்தினேன், ஒன்றும் வரவில்லை" என்பதே பெரும்பாலோர் சொல்லும் முதல் புகார். உண்மையில் அது வந்திருக்கும். நாம் தேடாத இடத்தில் கிடக்கும்.

டவுன்லோடு என்பது லாரி ஆபீசுக்குச் சரக்கு வந்து சேர்வது. அதைக் கடைக்குக் கொண்டுவந்து, கட்டைப் பிரித்து, அலமாரியில் அடுக்குவதைத்தான் இன்ஸ்டால் செய்வது என்கிறார்கள். அடுக்கிய பிறகே வியாபாரம். லாரி ஆபீசில் மூட்டை இறங்கியதற்காக எவரும் கடை அலமாரியில் போய்த் தேடுவதில்லை. ஆனால் கம்ப்யூட்டர் விஷயத்தில் நாம் அதையே செய்கிறோம். இறங்கிய பைல், வேறு இடம் குறிப்பிடாத வரை, 'டவுன்லோட்ஸ்' என்ற அறையில் இருக்கும். குரோமில் கன்ட்ரோல் பொத்தானை அழுத்திக்கொண்டு ஜே எழுத்தைத் தட்டினால், இதுவரை இறங்கியவற்றின் பட்டியல் வரும். வரவில்லை என்று நினைத்து ஐந்து முறை அழுத்தியவர்கள், அங்கே ஒரே பெயர் 1, 2, 3 என்ற எண்களோடு வரிசையாக நிற்பதைக் காணலாம்.

அடுத்தது 'ஜிப்' கட்டு. ஜி.எஸ்.டி. தளத்தில் கிடைக்கும் ஆப்லைன் ரிட்டர்ன் சாப்ட்வேர் இப்படித்தான் வருகிறது. கட்டின்மேல் இரண்டு முறை தட்டினால் உள்ளே இருப்பவை தெரியும். அதனால் பிரித்துவிட்டோம் என்று பலர் எண்ணுகிறார்கள். அது சாக்கின் ஓட்டை வழியாகச் சரக்கைப் பார்ப்பது மட்டுமே. வலப்பக்கப் பொத்தானை அழுத்தி 'எக்ஸ்ட்ராக்ட் ஆல்' கொடுத்து, வெளியே எடுத்து வைத்த பிறகே இன்ஸ்டால் செய்ய வேண்டும். கட்டுக்குள் இருந்தபடியே ஓடவிட்டால், துணைப் பைல்கள் கிடைக்காமல் பாதியில் நின்றுவிடும். நமது மலையில் சிக்னல் விட்டுவிட்டு வருவதால், பைல் பாதியளவே இறங்குவதும் உண்டு. தளத்தில் போட்டிருக்கும் அளவும் இறங்கிய பைலின் அளவும் ஒன்றா என்று பாருங்கள். மூட்டையை எடை போட்டு வாங்குகிறோம் அல்லவா!

எல்லாம் சரியாகச் செய்தும் ஓடாவிட்டால் கம்ப்யூட்டரின் வயதைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாப்ட் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை நிறுத்தியது. விண்டோஸ் 10-க்கும் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. 2023-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து குரோமின் புதிய பதிப்புகள் விண்டோஸ் 7-இல் ஓடுவதில்லை. இந்த நிலையில் இன்டர்நெட் கம்பெனிக்காரரைத் திட்டிப் பயனில்லை.

எங்கிருந்து இறக்குகிறோம் என்பதில்தான் பணமே போகிறது. சாப்ட்வேர் பெயரைத் தேடினால் முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம். சில தளங்களில் பெரிதாகப் பச்சை நிறத்தில் 'டவுன்லோடு' என்று மின்னும் பொத்தான் வேறு எவருடைய சரக்கையோ இறக்கிவிடும். அரசுத் தளங்களின் முகவரி 'கவ் டாட் இன்' என்று முடியும். அது அரசு அமைப்புகளுக்கு மட்டுமே தரப்படும் பெயர். அதற்கு முன்னால் புள்ளிக்குப் பதில் கோடு போட்டோ, பின்னால் வேறு வால் சேர்த்தோ வந்தால் அது அரசுத் தளம் அல்ல. விலை கொடுத்து வாங்க வேண்டிய கணக்குச் சாப்ட்வேரை 'கிராக்' என்று இலவசமாகப் போட்டுத் தருபவர்களும் இருக்கிறார்கள். பூட்டை உடைத்துச் சரக்கைக் கொடுப்பவன் நம் கடைப் பூட்டை மட்டும் விட்டுவிடுவான் என்று எந்த நம்பிக்கையில் வாங்குகிறோமோ தெரியவில்லை.

செல்பேசியில் இது இன்னும் மோசம். போக்குவரத்து அபராதச் சலான், வங்கி கே.ஒய்.சி., மின் கட்டண பாக்கி, ஏன், கல்யாணப் பத்திரிகை என்றுகூட வாட்ஸ்அப்பில் ஒரு பைல் வருகிறது. பெயரின் கடைசியில் 'ஏ.பி.கே.' என்ற மூன்று எழுத்துகள் இருக்கும். அது படமும் அல்ல, கடிதமும் அல்ல. அது ஒரு சாப்ட்வேர். தட்டியதும், அறியாத இடத்திலிருந்து வந்த செயலியை அனுமதிக்கலாமா என்று போன் கேட்கும். காவல்காரன் வாசலில் நிறுத்திக் கேட்கும் கேள்வி அது. நாம் அவசரத்தில் சரி என்று தட்டிவிடுகிறோம். பிறகு அந்தச் செயலி குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். அதையும் கொடுத்துவிட்டால், வங்கி அனுப்பும் ஓ.டி.பி. நாம் பார்க்கும் முன்பே மோசடிக்காரனுக்குப் போய்விடும். "நான் யாருக்கும் ஓ.டி.பி. சொல்லவே இல்லையே" என்று பணம் இழந்தவர்கள் சொல்வது பொய்யல்ல. அவர்கள் சொல்லவில்லை, அவர்களது போன் சொல்லிவிட்டது.

உதவி செய்வதாகப் போன் செய்து, நமது திரையைத் தூரத்திலிருந்து பார்க்கும் செயலியை இறக்கச் சொல்வது இன்னொரு வழி. 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி எனிடெஸ்க் என்ற செயலியின் பெயரைக் குறிப்பிட்டே வங்கிகளை எச்சரித்தது. அது திருட்டுச் சாப்ட்வேர் அல்ல. பில்லிங் மெஷினைச் சரிபார்க்கும் இன்ஜினியர்களும் அதைப் பயன்படுத்துகிறார்கள். அதில் தோன்றும் எண்ணை யாரிடம் சொல்கிறோம் என்பதே கேள்வி. நாம் அழைத்த, நமக்குத் தெரிந்த ஆளுக்கு மட்டும் சொல்ல வேண்டும். அவர் வேலை செய்யும்வரை திரையைவிட்டு நகராமல் இருந்து, முடிந்ததும் இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். பணம் நமக்கு வருவதற்கு யு.பி.ஐ. பின் நம்பரைப் போடத் தேவையே இல்லை என்பதையும் கல்லாவில் உட்காரும் பையன்களுக்குச் சொல்லி வைப்பது நலம்.

தவறான செயலி ஏறிவிட்டது என்று தெரிந்தால் உடனே போனின் இன்டர்நெட்டை நிறுத்திவிட்டு, வேறொரு போனிலிருந்து 1930 என்ற தேசிய உதவி எண்ணுக்கும் வங்கிக்கும் சொல்ல வேண்டும். பணம் பல கணக்குகளுக்குக் கைமாறும் முன் முடக்கினால்தான் திரும்பக் கிடைக்க வழியுண்டு. "கடை அடைத்தபின் பார்ப்போம்" என்பது இதில் உதவாது.

இன்னொரு தவறான எண்ணம் இதைவிட அமைதியாக நட்டம் உண்டாக்குகிறது. சாப்ட்வேரும் அதற்குள் நாம் ஏற்றிய கணக்கும் ஒன்றே என்று பலர் நினைக்கிறார்கள். சாப்ட்வேர் அலமாரி போன்றது. கணக்கு அதிலுள்ள பேரேடு. திரையிலுள்ள சின்னத்தை அழித்தால் அலமாரி போய்விடாது, அதன் பெயர்ப் பலகைதான் போகும். ஆனால் ஏதோ ஓடவில்லை என்றதும், "அழித்துவிட்டு மறுபடி போடுங்கள்" என்று போனில் ஒருவர் சொல்ல, விண்டோசையே புதிதாக ஏற்றினால் இரண்டும் சேர்ந்தே போகலாம். சாப்ட்வேரை நூறு முறை இறக்கலாம். மூன்று வருஷக் கொள்முதலையும் பற்று வரவையும் எங்கிருந்து இறக்குவது? ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவு, ஆண்டு ரிட்டர்னுக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்கச் சொல்கிறது. கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்பது அதிகாரியிடம் போதிய பதிலாகாது.

டாலி சாப்ட்வேரும் ஒரு வணிகர் வீட்டில் பிறந்ததுதான். ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர பாகங்களும் விற்றுவந்த சியாம் சுந்தர் கோயங்கா, தம் வியாபாரத்துக்குத் தகுந்த கணக்குச் சாப்ட்வேர் கிடைக்காமல், மகன் பரத் கோயங்காவை எழுதச் சொன்னார். இருவரும் 1986-இல் பெங்களூரில் கம்பெனி தொடங்கினார்கள். அந்தச் சாப்ட்வேரிலும் 'பேக்கப்' என்ற வசதி இருக்கிறது. ஆனால் பேக்கப் எடுத்த பைலை அதே கம்ப்யூட்டரில் வைத்தால், மூலப் பத்திரத்தையும் நகலையும் ஒரே பெட்டியில் வைத்த கதைதான். பென்டிரைவில் எடுத்து, கடையில் வைக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். வாரம் ஒருமுறையாவது எடுப்பது நல்லது. யார் எதை இன்ஸ்டால் செய்ய வந்தாலும், அவர் கைவைக்கும் முன் ஒருமுறை கட்டாயம்.

மழைக்காலத்துக்கு ஒரு சிறு குறிப்பு. மரம் விழுந்து கரண்ட் போய்த் திரும்ப வந்ததும், எந்தத் தளமும் திறக்காமல் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று காட்டினால், உடனே வைரஸ் என்று பயப்பட வேண்டாம். திரையின் கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். பல வருஷம் பின்னே போயிருந்தால், உள்ளே இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். தளத்தின் அடையாளச் சான்று செல்லுபடியாகும் காலத்தைக் கம்ப்யூட்டர் தன் தேதியை வைத்துத்தான் சரிபார்க்கிறது. ஆகவே தேதி தப்பினால் நல்ல தளத்தையும் சந்தேகப்படும். பெரும்பாலான கம்ப்யூட்டர்களுக்கு சி.ஆர். 2032 என்ற பேட்டரி பொருந்தும். வாட்ச் கடையிலேயே கிடைக்கும். மாற்றும்வரை, காலையில் கடை திறந்ததும் தேதியைச் சரிசெய்துவிட்டு முதல் பில்லைப் போடவும். இல்லாவிட்டால் அன்றைய பில் முழுவதும் பழைய தேதியில் ஏறிவிடும்.