யார் டியூப்லைட்?

நகைச்சுவை புரியச் சற்று நேரமாகும் நண்பனை 'டியூப்லைட்' என்று நீங்கள் கேலி செய்வதுண்டு அல்லவா? நானும் ஒருமுறை வகுப்பில், பதில் சொல்லத் தாமதித்த மாணவனை அப்படி அழைத்துவிட்டேன். இயற்பியல் கற்பிப்பவன் சொல்லக்கூடிய சொல்லா அது!

சுவிட்சைப் போட்டதும் அந்த விளக்கு சும்மா இருப்பதில்லை. முதலில் ஸ்டார்ட்டரிலுள்ள வாயு ஒளிர்ந்து சூடாகிறது. அச்சூட்டில் ஈருலோகத் தகடு வளைந்து எதிர்முனையைத் தொடுகிறது. மின்சுற்று முழுமை பெற்று, குழாயின் இரு முனைகளிலுமுள்ள இழைகள் சூடேறுகின்றன. இப்போது ஸ்டார்ட்டரில் ஒளிர்வு நின்றுவிடுவதால் தகடு குளிர்ந்து விலகுகிறது. மின்னோட்டம் சட்டென அறுபடவே, சோக்கில் பல நூறு வோல்ட் தூண்டப்படுகிறது. அந்த வேகத்தில்தான் குழாயினுள் மின்சாரம் பாய்கிறது. பாதரச ஆவி வெளியிடும் புற ஊதாக் கதிர்களை உட்பூச்சு வெள்ளொளியாக மாற்றுகிறது. முதல் முறை பலிக்காவிட்டால் மீண்டும் முயலும். நீங்கள் காணும் சிமிட்டல் அதுவே.

எல்லாம் சில விநாடிகள்தாம். பிறகு அந்த 40 வாட் குழாய், சட்டென்று எரியும் 100 வாட் குண்டு பல்பைவிட அதிக ஒளி தருகிறது! (இன்றைய எல்.இ.டி. குழல்களுக்குச் சோக்கும் ஸ்டார்ட்டரும் தேவையில்லை. கேலி மட்டும் நிலைத்துவிட்டது.)

மறுநாள் அம்மாணவன் என்னிடம் வந்தான். "சார், எங்கள் வீட்டில் எரிகிற டியூப்லைட்டிலிருந்து எலக்ட்ரீஷியன் ஸ்டார்ட்டரைக் கழற்றினார். விளக்கு அணையவில்லையே, ஏன்?" என்றான். வகுப்பில் வேறு யாரும் கேட்காத கேள்வி. விளக்கு எரியத் தொடங்கியதும் அதன் முனைகளுக்கிடையே மின்னழுத்தம் ஏறத்தாழ 100 வோல்ட்டாகக் குறைந்துவிடும். ஸ்டார்ட்டர் மறுபடி ஒளிர அது போதாது. அதற்கு அப்புறம் வேலையே இல்லை.

விடையைச் சொல்லிவிட்டு, நான் வைத்த பெயரையும் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.