'புஷ்' என்றால் தள்ளாதே, இழு!

போர்ச்சுகல் நாட்டுக் கடைக் கதவுகளில் ஒரு சொல் எழுதியிருக்கும். வாய்விட்டுப் படித்தால் "புஷ்" என்றுதான் காதில் விழும்.

ஆங்கிலம் தெரிந்தவர் என்ன செய்வார்? தள்ளுவார். கதவு அசையாது!

அங்கே "புஷ்" என்றால் "இழு" என்று அர்த்தம். தள்ளுவதற்கு "எம்புர்ரெ" என்று வேறு சொல் உண்டு.

மருந்துக் கடையில் வம்பு

கதவோடு போனால் பரவாயில்லை. மலச்சிக்கலுக்கு ஆங்கிலத்தில் "கான்ஸ்டிபேஷன்". அதே ஜாடையில் "கொன்ஷ்டிபாடு" என்று லிஸ்பன் மருந்துக் கடையில் சொன்னால் போச்சு! ஜலதோஷ மருந்துதான் கைக்கு வரும். அந்த ஊரில் அது ஜலதோஷம் பிடித்தவரைக் குறிக்கும் சொல். மலச்சிக்கலை அவர்கள் "வயிற்றின் சிறை" என்கிறார்கள்!

அப்பா, அம்மா யார்?

விண்ணப்பத் தாளிலும் இதே கூத்து. ஆங்கிலத்தில் "பேரண்ட்ஸ்" என்றால் பெற்றோர். போர்த்துக்கீசியத்தில் "பரென்டிஷ்" என்றால் சித்தப்பா, மாமா உள்பட சொந்தக்காரர்கள் எல்லோரும். பெற்றோருக்கு "பைஷ்" என்று எழுத வேண்டும்.

ஏன் இப்படி?

இந்த ஜோடிச் சொற்கள் எல்லாமே லத்தீன் மொழியில் பிறந்தவை. ஒரு தாய்ப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு ஊரில் வளர்ந்து, குணம் மாறிவிட்டன. எனவே சாயலைப் பார்த்து மொழிபெயர்த்தால் ஆபத்து. தெரிந்த சொல் மாதிரி இருந்தால்தான் அகராதியை முதலில் புரட்ட வேண்டும்.

ஆனால் நம்மவர்களுக்கு ஓர் ஆறுதல். சாவி, ஜன்னல், அலமாரி மூன்றும் போர்த்துக்கீசியர் நமக்குத் தந்த சொற்கள். அவற்றின் அர்த்தம் இங்கும் அங்கும் ஒன்றுதான்!