பின்னால் வருவது தெரிகிறதா?

பெங்களூரு வெளிவட்டச் சாலையில் மாலை நேர நெரிசல். முன்னே ஓர் ஆட்டோ திடீரென நின்றுவிடுகிறது. அதைக் கடக்க வலப்பக்கம் விலக வேண்டும். கண்ணாடியைப் பார்த்தால் நம் தோளும் ஒரு துண்டு வானமுமே தெரிகின்றன. பின்னால் நெருங்கிவிட்ட பேருந்து தெரியவில்லை. அழகுக்காகச் சிறிய கண்ணாடிகளைப் பொருத்திய சில நாட்களில் நமக்கு நேர்ந்தது இது. பேருந்து ஓட்டுநர் ஒலி எழுப்பியதால் தப்பினோம். அதன் பிறகே, கண்ணாடியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கற்றுக்கொண்டோம்.

டவுன் ஹாலிலிருந்து மினர்வா சர்க்கிள் நோக்கிச் செல்லும் ஜே.சி. சாலை, வாகன உதிரிபாகக் கடைகளுக்குப் பெயர்பெற்றது. அங்கே விதவிதமான கண்ணாடிகள் கிடைக்கும். செல்லும்போது ஓர் அளவுகோலையும் கொண்டு செல்லுங்கள். இருசக்கர வாகனக் கண்ணாடிகளுக்கான ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 81ஆம் விதி, பிரதிபலிக்கும் பரப்பு 69 சதுர செ.மீ.க்குக் குறையக் கூடாது என்கிறது. வட்டக் கண்ணாடியானால் விட்டம் குறைந்தது 94 மி.மீ. இருக்க வேண்டும். நம் நாட்டில் இதற்கான தரநிலை ஏஐஎஸ் 001.

அடுத்தது வளைவு. சமதளக் கண்ணாடி தொலைவை உள்ளபடி காட்டும். ஆனால் காட்சிப் பரப்பு குறுகியது. குவிந்த கண்ணாடி அகலமாகக் காட்டும். ஆனால் வாகனங்கள் சிறிதாகி, உண்மையைவிடத் தொலைவில் இருப்பதாகத் தோன்றும். புதிதாகக் குவிந்த கண்ணாடிக்கு மாறுவோர், அந்தத் தோற்றம் பழகும்வரை கூடுதல் இடைவெளி விடுவது நல்லது.

ஹேண்டில்பார் முனையில் பொருத்தும் ‘பார் எண்ட்’ கண்ணாடிகளில் கை மறைப்பது குறைவு. ஆயினும் அவை வண்டியின் அகலத்தைக் கூட்டுகின்றன. நெரிசலில் பிற வாகனங்களில் இடிபடும். அவற்றுக்காக முனையிலுள்ள எடைக்கட்டியைக் கழற்றினால் கைப்பிடியில் அதிர்வு மிகுந்து, பிம்பமும் கலங்கக்கூடும்.

வாங்குமுன் மரையையும் பாருங்கள். 8 மி.மீ., 10 மி.மீ. என இரு அளவுகள் பரவலாக உள்ளன. யமஹாவின் பல வண்டிகளில் வலப்பக்கக் கண்ணாடிக்கு இடது மரை இருக்கும். பொருந்தாததை ஸ்பேனரால் வலிந்து திருகினால் மரை தேய்ந்து, பிடிமானத்தையே மாற்ற நேரிடும். பழைய கண்ணாடியைக் கழற்றிக் கையோடு எடுத்துச் சென்றால் இந்தச் செலவைத் தவிர்க்கலாம்.

கண்ணாடியே இல்லாமல் ஓட்டுவது சிக்கனமாகாது. 2021 தொடக்கத்தில் பெங்களூரு போக்குவரத்துக் காவல்துறை, கண்ணாடி இல்லாத இருசக்கர வாகனங்களுக்கு ரூ.500 அபராதம் விதிக்கத் தொடங்கியது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 177ஆம் பிரிவின்படி, மறுமுறை தவறினால் ரூ.1,500 வரை அபராதம் உண்டு. புதியதை வாங்கினாலும் வண்டியோடு வந்த கண்ணாடிகளைப் பத்திரமாக வையுங்கள்; விற்கும்போது உதவும்.

பணம் செலுத்துமுன் தலைக்கவசம் அணிந்து, வண்டியில் நேராக அமருங்கள். ஹேண்டில்பாரை இருபுறமும் முழுமையாகத் திருப்பி, கண்ணாடி டேங்கில் இடிக்கிறதா எனப் பாருங்கள். எஞ்சினை இயக்கி, பின்னால் நிற்கும் வண்டியின் எண் தகடு கலங்காமல் தெரிகிறதா என்று சோதியுங்கள். தோளை நகர்த்தினால்தான் சாலை தெரியும் என்றால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் கடையிலேயே விட்டுவிடுங்கள்.