யார்க்ஷயர் இடப்பெயர்களும் வட்டார வரலாற்றுச் சங்கத்தின் ஆவணப் பதிப்புகளும்

இங்கிலாந்தின் யார்க்ஷயர் என்னும் கவுண்டி 1974 வரை ‘ரைடிங்’ எனப்பட்ட மூன்று ஆட்சிப் பிரிவுகளைக் கொண்டிருந்தது. குதிரைச் சவாரியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இதே வடிவினது. மொழிபெயர்ப்பாளர் மயங்குதற்கு இடமுண்டு. உண்மையில் இது, ‘மூன்றிலொரு பங்கு’ எனப் பொருள்படும் ‘த்ரிதியுங்கர்’ என்னும் பழைய ஸ்காண்டிநேவியச் சொல்லின் வழிவந்ததாகும். நார்த், ஈஸ்ட், வெஸ்ட் என்னும் திசைப்பெயர்களின் ஈற்று மெய்யோடு கலந்து இதன் முதல் மெய் மறைந்தது.

இன்றைய வடிவைக் கொண்டு மட்டும் இம்மாற்றத்தை உணர இயலாது. காலம் குறித்த பழைய எழுத்து வடிவங்களே சான்றாவன. அவற்றை அச்சேற்றியதில் வட்டார வரலாற்றுச் சங்கங்களின் பங்கு பெரிது. 1863இல் ஹடர்ஸ்ஃபீல்டில் தோன்றிப் பின்னர் யார்க்ஷயர் தொல்லியல் சங்கமாக வளர்ந்த அமைப்பு, 1885 முதல் ஆவணத் தொடர் ஒன்றை வெளியிட்டது. வேக்ஃபீல்டு நிலக்கிழார் மன்றத்தின் 13ஆம் நூற்றாண்டுச் சுருள்கள் 1901இல் இத்தொடரில் வெளிவந்தன. வழக்கும் தண்டமும் பதிவதற்காக எழுதப்பட்ட அச்சுருள்கள் ஊர்ப்பெயர், ஆட்பெயர் ஆய்வுக்கும் உதவுகின்றன. பதிப்பாசிரியர் பெயர்களின் பழைய எழுத்துக்கூட்டைக் காத்த இடத்தில்தான் இப்பயன் கிட்டும். இக்கால வடிவுக்கு மாற்றிவிட்டால் மொழியியலார்க்கு அப்பதிப்பால் பயனில்லை. 1923இல் நிறுவப்பெற்ற ஆங்கில இடப்பெயர்ச் சங்கம் கவுண்டிவாரியாக ஆய்வு வெளியிட்டது, ஏ. எச். ஸ்மித்தின் மேற்கு ரைடிங் ஆய்வு மட்டும் எட்டுப் பகுதிகள் (1961-63).

யார்க் நகரப் பெயரும் நோக்கத்தக்கது. உரோமர் காலத்து ‘எபோராக்கும்’ என்பதில் தம் மொழியின் காட்டுப்பன்றிச் சொல்லைக் கண்ட ஆங்கிலேயர் ‘எயோவர்விக்’ என்றனர். ஸ்காண்டிநேவியர் நாவில் அது ‘யோர்விக்’ ஆயிற்று. ஆதலின் ‘பன்றியூர்’ என்பது இடைக்காலத்தார் கொண்ட பொருளேயன்றி, அப்பெயரின் தோற்றப் பொருள் அன்று.