சங்கத்தின் பெயரும் அதன் சாவியும்

தலைநகருக்குப் புதிதாகக் குடிவரும் தமிழ்க் குடும்பம் முதலில் எதைத் தேடுகிறது? வாடகைக்கு ஒரு வீட்டை. அடுத்தபடியாகக் குழந்தைகளுக்கு ஒரு பள்ளியை. மூன்றாவதாக, தமிழ் பேசுவோர் நாலு பேர் கூடும் ஓர் இடத்தை. அவ்விடம் கரோல் பாக்கிலும் இருக்கலாம், இராமகிருஷ்ணபுரத்திலும் இருக்கலாம், யமுனைக்கு அப்பால் மயூர் விகாரிலும் இருக்கலாம். அதற்குச் சங்கம் என்று பெயர். முன்னாளில் அதன் முகவரியை ரயிலில் உடன் வந்தவரோ அலுவலக நண்பரோ சொல்லி அனுப்புவார். இந்நாளில் கையிலுள்ள தொலைபேசியே சொல்லிவிடுகிறது. சங்கத்தின் பெயரைத் தட்டினால் இணையதளம் திறக்கிறது. விழா அழைப்பும் சந்தா விவரமும் பணம் செலுத்தும் வழியும் அதிலேயே உள்ளன.

வசதி பெரிதுதான். ஆயினும், அந்த வாயிலில் நிற்பவர் நம்மவர்தாமா என்பதைப் புதிதாக வந்தவர் எங்ஙனம் அறிவார்? இக்கேள்வியை அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நான் கணினிக் கலையில் வல்லவன் அல்லேன். மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிக்கும் குமாஸ்தா. எனினும், ஒரு சங்கடத்தை நேரில் கண்டவன் என்ற முறையில் எழுதத் துணிந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் அங்கத்தினனாக இருந்த சிறு சங்கம் ஒன்று இணையதளம் தொடங்கியது. உற்சாகமுள்ள காரியதரிசி ஒருவர் தம் சொந்த மின்னஞ்சலைக் கொடுத்துத் தளத்தின் பெயரைப் பதிவு செய்தார். கட்டணத்தையும் தம் கையிலிருந்தே செலுத்தினார். பின்னர் அவருக்குத் தெற்கே மாற்றலாயிற்று. மாலையிட்டு வழியனுப்பினோம், மேசைச் சாவியையும் கணக்குப் புத்தகத்தையும் வாங்கிக்கொண்டோம். இணையதளத்தின் சாவியைக் கேட்க வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பெயரைப் புதுப்பிக்க வேண்டிய நாள் வந்தது, நினைவூட்டும் கடிதங்கள் அவர் திறந்து பாராத பழைய அஞ்சற்பெட்டிக்குச் சென்றன, கெடு கடந்தது, யாரோ ஒருவர் அப்பெயரை விலைக்கு வாங்கிக்கொண்டார். பொங்கல் விழா அழைப்பைக் காணத் தளத்தைத் திறந்த குடும்பங்களுக்குச் சூதாட்ட விளம்பரம் காட்சி அளித்தது. வயது முதிர்ந்த அங்கத்தினர் ஒருவர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, “என்ன தம்பி, நம் சங்கத்தில் இப்போது சீட்டாட்டமும் நடக்கிறதா?” என்று கேட்டார். அக்கேள்வியில் கேலி இல்லை, வருத்தமே இருந்தது. அதனால்தான் அது இன்றும் என் நெஞ்சில் நிற்கிறது.

இதில் பகைவன் எவனும் இல்லை என்பதைக் கவனியுங்கள். திருடன் பூட்டை உடைக்கவில்லை. நாமே கதவைத் திறந்து வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டோம். இணையதளப் பெயர் என்பது கிரயம் செய்துகொண்ட வீட்டைப் போன்றதன்று; குறித்த காலத்திற்குப் பெற்ற குத்தகையைப் போன்றது. காலம் முடியுமுன் கட்டணம் செலுத்திப் புதுப்பித்தால் அது நம்முடையது, தவறினால் வேறொருவருடையது.

ரயில்வேயில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் பணி முடிந்து செல்லும்போது, அடுத்தவரிடம் வாய்மொழியாக மட்டும் பொறுப்பை விட்டுச் செல்வதில்லை. எந்தப் பாதையில் எந்த வண்டி நிற்கிறது, எந்தக் கருவி பழுதாயிருக்கிறது என்பனவற்றை நாட்குறிப்பில் எழுதி ஒப்பமிடுகிறார், பொறுப்பேற்பவரும் ஒப்பமிடுகிறார். நம் சங்கங்களிலும் ஆண்டுதோறும் நிர்வாகிகள் மாறுகிறார்கள். அவ்வேளையில் ஒப்படைக்க வேண்டியவற்றுள் தளத்தின் பெயர்ப்பதிவு, அதன் கெடு நாள், கடவுச்சொற்கள், மின்னஞ்சற் கணக்கு, முகநூல் பக்கம், வாட்ஸப் குழு ஆகியவையும் அடங்கும். பெயர்ப்பதிவு தனி மனிதர் பெயரில் இல்லாமல் சங்கத்தின் பெயரிலும், சங்கத்திற்கென்றே வைத்த மின்னஞ்சலிலும் இருத்தல் வேண்டும். இதற்குப் பெரும் பொருட்செலவு ஏதுமில்லை. ஒரு தாளும் இரு கையொப்பங்களும் போதும்.

இனி, உண்மையான பகைவன் செய்யும் வேலைக்கு வருவோம். 2020ஆம் ஆண்டு மார்ச்சு 28ஆம் நாள், கொரோனாத் தொற்றின் முதல் ஊரடங்கு நடந்துகொண்டிருந்த வேளையில், ‘பிஎம் கேர்ஸ்’ என்னும் நிவாரண நிதி அறிவிக்கப்பெற்றது. நன்கொடை செலுத்துவதற்கு யுபிஐ முகவரி ஒன்றும் தரப்பட்டது. மறுநாளே டில்லிக் காவல்துறை ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. உண்மை முகவரியின் இறுதியிலுள்ள ‘எஸ்’ என்ற ஓர் எழுத்தை மட்டும் நீக்கிவிட்டு, ‘பிஎம்கேர்’ என்று போலி முகவரியை எவரோ உண்டாக்கியிருந்தனர். பாரத ஸ்டேட் வங்கி அதனை முடக்கியது. நாட்டின் பிரதம மந்திரி பெயரால் அமைந்த நிதிக்கே ஒரே நாளில் போலி முளைக்குமானால், ஐந்நூறு குடும்பங்கள் கொண்ட ஒரு சங்கம் எம்மாத்திரம்?

எங்கள் ரயில்வே உலகமும் இதற்கு விலக்கன்று. 2002 முதல் இணையத்தில் பயணச்சீட்டு விற்றுவரும் ஐ.ஆர்.சி.டி.சி. நிறுவனத்தின் செயலிக்கு ‘ரெயில் கனெக்ட்’ என்று பெயர். 2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ‘ஐஆர்சிடிசி கனெக்ட்’ என்ற பெயரில் போலிச் செயலி ஒன்று வாட்ஸப், டெலிகிராம் வழியாகப் பரவியது. அதனை இறக்கிக்கொள்ள வேண்டாமென்று அந்நிறுவனமே மக்களை எச்சரித்தது. விடுமுறைக்கு ஊர் செல்லத் துடிக்கும் குடும்பத்திற்கு அவசரத்தில் பெயர் வேற்றுமை கண்ணில் படுமா? மோசடிக்காரன் நம் அவசரத்தை நம்பியே வாழ்கிறான்.

இதற்கு வங்கிகள் கண்ட பரிகாரம் ஒன்று சிந்திக்கத்தக்கது. இந்திய ரிசர்வ் வங்கி 2025ஆம் ஆண்டில், நாட்டிலுள்ள வங்கிகள் யாவும் தங்கள் தளங்களை ‘பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரிக்கு மாற்றிக்கொள்ள வேண்டுமென ஆணையிட்டு, அவ்வாண்டு அக்டோபர் 31ஆம் நாளைக் கெடுவாக வைத்தது. அம்முகவரி வங்கிகளுக்கன்றி வேறெவருக்கும் வழங்கப்படுவதில்லை. கருத்து எளியது: மக்கள் நினைவில் நிற்கும் அடையாளம் ஒன்றே இருக்கட்டும். சங்கங்களும் இதனைத் தம் அளவில் பின்பற்றலாம். பணம் செலுத்தும் முகவரி ஒன்றே என்று தீர்மானித்து, அதனை மாத இதழின் முதற் பக்கத்திலும், அறிவிப்புப் பலகையிலும், இணையதளத்திலும் ஒரே வடிவில் அச்சிடலாம். ‘இது தவிர வேறு எண்ணில் சங்கம் பணம் கேட்பதில்லை’ என்ற ஒரு வரியும் உடன் இருந்தால், அதுவே பாதிக் காவல்.

பெயருக்கு வரும் ஆபத்து ஒரு வகை. பெட்டகத்திற்கு வரும் ஆபத்து மற்றொரு வகை. இதனையும் டில்லிவாசிகள் கண்ணாரக் கண்டனர். 2022ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் காலை, 1956இல் நிறுவப்பெற்ற புகழ்மிக்க எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் செயலிழந்தன. வைரஸ் காய்ச்சல் உடம்பைப் பிடிப்பதுபோல் தீய நிரல் ஒன்று சேமிப்புக் கணினிகளைப் பிடித்திருந்தது. ‘ரான்சம்வேர்’ எனப்படும் இவ்வகை நிரல் கோப்புகளை அழிப்பதில்லை. எவரும் படிக்க இயலாத இரகசியக் குறியீடாக மாற்றிப் பூட்டிவிடும். சாவி வேண்டுமானால் பணம் கொடு என்பதே இத்தகைய வழிப்பறியின் முறை. எய்ம்ஸில் ஐந்து சேமிப்புக் கணினிகள் பாதிக்கப்பட்டன, ஏறக்குறைய 1.3 டெராபைட் அளவுள்ள தகவல்கள் பூட்டப்பட்டன என்று அரசாங்கம் பாராளுமன்றத்தில் தெரிவித்தது. பெயர்ப்பதிவு, அனுமதி, பரிசோதனை முடிவு, கட்டணச் சீட்டு யாவும் பழையபடி காகிதத்திலும் பேனாவிலும் நடந்தன. முக்கியப் பணிகள் மீண்டும் கணினிக்கு வர இரண்டு வாரமளவு ஆயிற்று. தொலைதூர மாநிலங்களிலிருந்து வந்து மருத்துவமனை வாயிலில் இரவெல்லாம் காத்துக் கிடக்கும் ஏழை நோயாளிகளுக்கு, அவ்விரண்டு வாரம் எத்தகையதாயிருக்கும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

இந்நிகழ்ச்சியிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. முதலாவது, பகைவன் உள்ளே பரவியமைக்குக் காரணம். கணினி வலைப்பின்னல் முறையாகப் பகுதி பகுதியாகப் பிரிக்கப்படவில்லை என்பதை அரசாங்கமே குறிப்பிட்டது. கப்பலின் அடித்தளத்தைத் தனித்தனி அறைகளாகத் தடுத்திருந்தால் ஓர் அறையில் நீர் புகினும் கப்பல் மூழ்காது. தடுப்பில்லாவிடில் ஒரு துளையே போதும். இரண்டாவது பாடம் ஆறுதல் தருவது. தகவல்களின் நகல் ஒன்று பாதிக்கப்படாத மற்றொரு கணினியில் இருந்தது. அதிலிருந்தே மருத்துவமனைத் தகவல்கள் மீட்கப்பட்டன.

நகல் என்றால், மூலத்தின் பக்கத்திலேயே வைப்பது நகலாகாது. நகைப்பெட்டியின் மாற்றுச் சாவியை அப்பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டுவாருண்டோ? சங்கத்தின் அங்கத்தினர் பட்டியல், கணக்கு, பழைய இதழ்கள், விழாப் புகைப்படங்கள் ஆகியவற்றை மாதம் ஒருமுறை தனி வட்டில் பதிந்து, கணினியிலிருந்து கழற்றி, வேறொரு வீட்டில் வைக்க வேண்டும். ஆண்டுக்கு இருமுறையேனும் அதனைத் திறந்து, படிக்க முடிகிறதா என்று சோதிக்கவும் வேண்டும்.

கடவுச்சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன்னாளில் ஒற்றைத் தண்டவாளப் பிரிவுகளில் டோக்கன் முறை பரவலாக இருந்தது. இரு நிலையங்களும் இணங்கினாலன்றிக் கருவியிலிருந்து டோக்கன் வெளிவராது. டோக்கன் கைக்கு வராமல் ஓட்டுநர் வண்டியை நகர்த்தமாட்டார். ஒருவர் தவறினாலும் மற்றவர் காவல். இன்றைய ‘இரட்டைச் சரிபார்ப்பு’ முறையும் இதனை ஒத்ததே. கடவுச்சொல் ஒன்று, தொலைபேசிக்கு வரும் ஒருமுறை எண் மற்றொன்று. இரண்டும் சேர்ந்தாலன்றிக் கதவு திறவாது. சங்கத்தின் எல்லாக் கணக்குகளுக்கும் இதனை இன்றே ஏற்படுத்தலாம். ஆனால், அந்த ஒருமுறை எண்ணைக் கேட்பவர் வங்கி அதிகாரி என்று சொல்லினும், சங்கத் தலைவரே என்று சொல்லினும் கொடுத்தலாகாது. கொடுத்தால் டோக்கனைத் திருடன் கையில் ஒப்படைத்தவராவோம்.

இத்தனை எச்சரிக்கைக்குப் பின்னும் கேடு நேர்ந்தால் என் செய்வது? பணம் பறிபோயிருந்தால், ஒரு கணமும் தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். மத்திய உள்துறை அமைச்சகத்தின் சைபர் குற்றத் தளத்திலும் புகார் பதியலாம். திருடிய பணம் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்கிற்கு மணிக்கணக்கில் தாவிவிடுமாதலால், விரைந்து சொன்னால்தான் வழியிலேயே மறிக்க இயலும். வெட்கப்பட்டு மறைப்பது திருடனுக்குச் செய்யும் உபகாரம். போலித் தளமோ போலிப் பக்கமோ தென்பட்டால், அதன் முகவரியையும் திரைப்படிமத்தையும் நாளும் நேரமும் குறித்துச் சேமித்துக்கொண்டு, அந்நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். 2021ஆம் ஆண்டின் விதிகள் அத்தகைய அலுவலரைக் கட்டாயமாக்கியுள்ளன. கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத்தண்டனையும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கையை நம்மவர்க்கும் சொல்லியாக வேண்டும். சங்கத்தின் கணக்கைப் பற்றிக் குழுவில் கேள்வி கேட்கும் அங்கத்தினர் பகைவர் அல்லர். நற்பெயரைக் காப்பது என்பது குறை சொல்வோர் வாயை அடைப்பதன்று. இணையத்தில் எழுதியதற்காகப் பலரைச் சிறைக்கு அனுப்பிய 66ஏ என்ற பிரிவை உச்ச நீதிமன்றம் 2015ஆம் ஆண்டு மார்ச்சு 24ஆம் நாள் செல்லாதென்று நீக்கியது. பொய்ப் பெயரில் வருபவன் வேறு. மெய்ப் பெயரில் குறை சொல்பவர் வேறு. முன்னவனுக்குக் காவல்துறை, பின்னவருக்குக் கணக்குப் புத்தகம். கேட்கும்போது கணக்கைக் காட்டும் சங்கத்தின் மீது வதந்தி பரவினும் நெடுநாள் நிற்பதில்லை. அவ்வதந்திக்கு மறுமொழி கூறும்போதும், சினந்து பத்துச் செய்திகள் அனுப்புவதைவிட, நாள் குறித்து, தலைவரும் காரியதரிசியும் பொருளாளரும் ஒப்பமிட்ட நாலு வரி அறிக்கையே சிறந்தது.

நான் கூறிய அச்சிறு சங்கம் பின்னர் வேறு பெயரில் புதுத் தளம் அமைத்தது. ஆயினும் பழைய அழைப்பிதழ்களிலும் மலர்களிலும் அச்சாகியிருந்த முகவரி இன்றளவும் நம்மிடம் திரும்பவில்லை. வீடு போனால் வேறு வீடு பார்க்கலாம்; பெயர் போனால் ஒவ்வொருவரிடமும் நின்று விளக்கவேண்டியதாகிறது. ஊர் விட்டு ஊர் வந்த நமக்குச் சங்கத்தின் பெயரே ஊரின் பெயர். ஆகவே அன்பர்களே, அடுத்த பொதுக்குழுவில் வரவு செலவு வாசித்து முடிந்ததும் எழுந்து நின்று பணிவுடன் ஒரு கேள்வி கேளுங்கள்: “நம் தளத்தின் சாவி யாரிடம் இருக்கிறது? கெடு நாள் எப்போது?” பதில் உடனே வந்தால் மகிழ்ச்சியோடு அமருங்கள். வராவிட்டால், அது வரும்வரை நின்றுகொண்டேயிருங்கள்.