வேகமும் விதியும்

நுழையும்முன்

சாலை எல்லாருக்கும் பொதுவானது. பள்ளிக்குச் செல்லும் சிறுவரும் சந்தைக்குச் செல்லும் முதியவரும் பேருந்தும் சரக்குந்தும் ஒரே சாலையைப் பகிர்ந்துகொள்கின்றனர். அங்கே ஒருவர் தம் விருப்பம்போல் வேகத்தைக் கூட்டினால் அதன் விளைவு அவரோடு நின்றுவிடுவதில்லை. வேக வரம்பை மீறிப் பிடிபடுபவரைச் சட்டம் என்ன செய்கிறது? எதற்காக அவ்வாறு செய்கிறது? இவ்வினாக்களுக்கு விடை தருகிறது இவ்வுரைநடைப் பகுதி.

முதல் தண்டம்

1896ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள், இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள பேடக் வுட் என்னும் ஊரின் வழியே வால்டர் அர்னால்டு என்பவர் தம் மோட்டார் வண்டியில் சென்றார். ஊருக்குள் மணிக்கு 2 மைல் வேகத்திற்கு மேல் செல்லக்கூடாது என்பது அன்றைய விதி. அவரோ மணிக்கு 8 மைல் வேகத்தில் சென்றார். காவலர் ஒருவர் மிதிவண்டியில் துரத்திச்சென்று அவரைப் பிடித்தார். வேக மீறலுக்காக அவருக்கு 1 ஷில்லிங் தண்டம் விதிக்கப்பட்டது. வேக மீறலுக்காகத் தண்டிக்கப்பட்ட முதல் ஓட்டுநர் என்று அவரையே குறிப்பிடுவர்.

8 மைல் என்பது ஏறத்தாழ 13 கிலோமீட்டர். இன்று மிதிவண்டியே அவ்வேகத்தில் செல்லும். ஆயினும், பொதுச்சாலையில் ஒருவர் செல்லும் வேகம் அவருடைய சொந்த விருப்பத்திற்கு உரியது அன்று என்னும் கருத்து அன்றே நிலைபெற்றுவிட்டது. இந்தியாவில் 1914, 1939 ஆகிய ஆண்டுகளில் இயற்றப்பட்ட மோட்டார் வாகனச் சட்டங்களைத் தொடர்ந்து, 1988ஆம் ஆண்டுச் சட்டம் இன்று நடைமுறையில் உள்ளது. அச்சட்டம் 2019ஆம் ஆண்டு பெருமளவு திருத்தப்பட்டது. தண்டத்தொகைகள் பலமடங்கு உயர்ந்தது அத்திருத்தத்தால்தான்.

வரம்பு எதற்கு?

வேக வரம்பைத் தேவையற்ற தடையாகக் கருதுவோர் உண்டு. அதன் தேவையை இயற்பியல் தெளிவாக உணர்த்துகிறது. இயங்கும் பொருளின் இயக்க ஆற்றல், வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். வேகம் இருமடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். வேகம் மும்மடங்கானால் ஆற்றல் ஒன்பது மடங்காகும். வண்டியை நிறுத்தவேண்டுமெனில் அவ்வளவு ஆற்றலையும் பிரேக் வெப்பமாக மாற்றவேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். சாலையில் 30 மீட்டர் தொலைவில் முதியவர் ஒருவர் திடீரெனக் குறுக்கிடுகிறார். அவரைக் கண்ட ஓட்டுநர் பிரேக்கை அழுத்த ஒரு விநாடி ஆகிறது. பிரேக் பிடித்தபின் வண்டியின் வேகம் விநாடிக்கு 5 மீட்டர்/விநாடி என்ற அளவில் குறைகிறது எனக் கொள்வோம்.

மணிக்கு 36 கி.மீ. வேகத்தில், அதாவது விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வரும் வண்டி, அந்த ஒரு விநாடியில் 10 மீட்டர் கடக்கிறது. பிரேக் பிடித்தபின் மேலும் 10 மீட்டர் சென்று நிற்கிறது. முதியவருக்கு 10 மீட்டர் முன்னரே வண்டி நின்றுவிடுகிறது.

மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் வரும் வண்டியின் நிலை வேறு. ஓட்டுநர் பிரேக்கை அழுத்துவதற்குள்ளாகவே அது 20 மீட்டர் கடந்துவிடுகிறது. பிரேக் பிடித்தபின் அது நிற்க 40 மீட்டர் வேண்டும். எஞ்சியிருப்பதோ 10 மீட்டர். வகுப்பில் கற்கும் இயக்கச் சமன்பாட்டைக் கொண்டு கணக்கிட்டால், முதியவர் மீது மோதும்போது வண்டியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 62 கி.மீ. இருக்கும். முன்னவருக்கு 10 மீட்டர் இடைவெளி எஞ்சியது. பின்னவருக்குப் பிரேக் இருந்தும் பயனில்லை. ஓட்டுநரின் திறமை எத்தகையதாயினும் இக்கணக்கு மாறாது.

மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவர்களுள் 71.2 விழுக்காட்டினரின் இறப்பு, மிகுவேகத்தால் நேர்ந்த விபத்துகளோடு தொடர்புடையதாகப் பதிவாகியுள்ளது. அதே ஆண்டில் தமிழ்நாட்டில் மட்டும் 64,105 விபத்துகள் நிகழ்ந்தன. 17,884 பேர் உயிரிழந்தனர்.

வேகம் அளக்கப்படும் முறை

ஒருவர் வரம்பை மீறினார் என்பதை எவ்வாறு நிறுவுவது? "பார்த்தாலே தெரிந்தது, வேகமாக வந்தார்" என்று ஒரே ஒரு சாட்சி சொல்வதை மட்டும் கொண்டு எவரையும் தண்டிக்கலாகாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 183ஆம் பிரிவு. அம்மதிப்பீடு கருவியின் துணைகொண்டு பெறப்பட்டதாக இருத்தல் வேண்டும். காவலரின் கண்ணளவுக்கு அன்றி, அளவுக்கருவிக்கே சட்டம் மதிப்பளிக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நீதி வழுவாதிருக்க அமைந்த பாதுகாப்பு இது.

ரேடார் கருவி, ஓடும் வண்டியின் மீது வானொலி அலைகளைச் செலுத்துகிறது. பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் மாற்றத்தைக் கொண்டு வேகத்தைக் கணக்கிடுகிறது. இது டாப்ளர் விளைவின் பயன்பாடு. லேசர் கருவி, அடுத்தடுத்து அனுப்பும் ஒளித்துடிப்புகள் திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு வண்டியின் தொலைவு மாறும் விதத்தை அளக்கிறது. சராசரி வேகத்தைக் கண்டறியும் முறையும் உண்டு. 6 கி.மீ. இடைவெளியில் உள்ள இரு கேமராக்களை ஒரு வண்டி 4 நிமிடத்தில் கடந்தால், அதன் சராசரி வேகம் மணிக்கு 90 கி.மீ. கேமராவைக் கண்டதும் வேகத்தைக் குறைத்துப் பின்னர் கூட்டுவோரும் இம்முறையில் தப்ப இயலாது.

சாலைகளை மின்னணு முறையில் கண்காணிப்பதற்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்தது. அதற்கான நடைமுறைகளை 2021ஆம் ஆண்டு விதிகள் வகுத்தன. கண்காணிப்புக் கருவிகள் உரிய ஒப்புதல் சான்று பெற்றிருத்தல் வேண்டும். கண்காணிப்பு நடைபெறுவதை அறிவிக்கும் பலகைகளும் சாலையில் வைக்கப்படவேண்டும். கேமராவில் பதிவான வண்டி எண்ணைக் கொண்டு உரிமையாளருக்கு இ-சலான் அனுப்பப்படுகிறது. அதனை ஏற்போர் தொகையைச் செலுத்தலாம். மறுப்போர் நீதிமன்றத்தில் தம் தரப்பை எடுத்துரைக்கலாம்.

பிடிபட்டபின்

கார் போன்ற இலகுரக வாகனத்தை வரம்பு மீறிய வேகத்தில் ஓட்டினால் 1,000 ரூபாய்க்குக் குறையாமலும் 2,000 ரூபாய்க்கு மிகாமலும் தண்டம் விதிக்கப்படும். நடுத்தர, கனரக வாகனங்களாயின் 2,000 முதல் 4,000 ரூபாய் வரை விதிக்கப்படும்.

பலர் அறிந்திருப்பது இத்தொகையை மட்டுமே. விளைவுகளில் மிகச் சிறியதும் இதுவே. ஓட்டுநர் உரிமத்திற்கு நேரும் இழப்பு இதனினும் பெரிது. வேக மீறலில் ஈடுபட்டவரின் உரிமத்தைக் காவல் அலுவலர் கைப்பற்றி, உரிமம் வழங்கும் அலுவலருக்கு அனுப்பலாம். அவ்வலுவலர் ஓட்டுநரின் விளக்கத்தைக் கேட்டபின், முதன்முறையாயின் 3 மாதங்களுக்கு உரிமத்தை நிறுத்திவைக்கலாம். மீண்டும் பிடிபட்டால் உரிமத்தை நீக்கிவிடலாம். உரிமத்தைத் திரும்பப் பெற, ஓட்டுநர் புத்தாக்கப் பயிற்சியை முடித்திருத்தல் வேண்டும். வாடகைக் கார், சரக்குந்து, பேருந்து ஓட்டிப் பிழைப்போருக்கு 3 மாதம் என்பது 3 மாத வருவாய்; ஒரு குடும்பத்தின் அடுப்பெரியும் செலவு.

ஓட்டுநரை மட்டும் தண்டித்து விடுகிறதா சட்டம்? இல்லை. தம்மிடம் பணிபுரிபவரை வரம்பு மீறி ஓட்டச் செய்பவரும் தண்டனைக்கு உரியவரே. வேக வரம்பை மீறாமல் முடிக்கவியலாத ஒரு பயணத்தைக் குறித்த நேரத்திற்குள் முடிக்குமாறு கால அட்டவணையை வெளியிட்டாலோ கட்டளையிட்டாலோ, அதுவே அவர் குற்றம் செய்தமைக்கு முதல்நோக்குச் சான்றாகும் என்கிறது 183ஆம் பிரிவு. நிமிடக் கணக்கில் ஓடும் பேருந்துகளையும், மணி பார்த்துப் பொட்டலம் கொண்டுவரும் இளைஞர்களையும் அன்றாடம் காணும் நாம், இவ்விதியின் அருமையை எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

தண்டம் தண்டனையாகும் இடம்

வேகத்தோடு பிறருக்கு இடர் விளைவிக்கும் நடத்தையும் சேரும்போது, அது ஆபத்தான முறையில் வாகனம் ஓட்டிய குற்றமாகிறது. அதற்கு 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். பொதுச்சாலையில் பந்தயம் விடுவோருக்கு 3 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ உண்டு.

உயிரிழப்பு நேர்ந்துவிட்டால் வழக்கு மோட்டார் வாகனச் சட்டத்தோடு நிற்பதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின்படி, கவனக்குறைவால் மரணம் விளைவித்தவருக்கு 5 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். குற்றவழக்கு நிலுவையில் இருப்பது, கடவுச்சீட்டு மறுக்கப்படுவதற்கும் காரணமாகலாம். மேற்படிப்புக்கோ வேலைக்கோ அயல்நாடு செல்லக் காத்திருக்கும் இளைஞர் ஒருவரின் எதிர்காலம், ஒரு மாலைநேர வேகத்தால் தடைபட்டு நிற்கக்கூடும்.

இறந்தவரின் குடும்பத்தினர் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை நாடலாம். ஓட்டியவரிடம் செல்லத்தக்க உரிமம் இல்லையெனில், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டைச் செலுத்திவிட்டு அத்தொகையை வாகன உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளுமாறு தீர்ப்பாயம் ஆணையிடுவதுண்டு. இழப்பீடு பல இலட்சங்களாக இருக்குமாயின், அது ஒரு நடுத்தரக் குடும்பத்தின் வீட்டையும் நிலத்தையும் விழுங்கிவிடும்.

பதினெட்டு வயதிற்கு முன்

பதினோராம் வகுப்பு மாணவர் கருத்தூன்றிப் படிக்கவேண்டிய பகுதி இது. மோட்டார் வாகனம் ஓட்ட 18 வயது நிறைந்திருத்தல் வேண்டும். 16 வயது நிறைந்தவர் உரிமம் பெற்று, 50 சி.சி.க்கு மேற்படாத எஞ்சின் கொண்ட இருசக்கர வாகனத்தை ஓட்டலாம். இன்று வீடுகளில் உள்ள ஸ்கூட்டர்களும் பைக்குகளும் பெரும்பாலும் 100 சி.சி.யும் அதற்கு மேலும் ஆனவை. எனவே, தந்தையின் வண்டியை எடுத்துச்செல்லும் மாணவர் வேகமாகச் செல்லாவிடினும், சாவியைத் திருகிப் புறப்பட்ட அளவிலேயே சட்டத்தை மீறியவராகிறார்.

2019ஆம் ஆண்டுத் திருத்தம் 199ஏ என்னும் பிரிவைச் சேர்த்தது. 18 வயது நிறையாதவர் மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ்க் குற்றம் புரிந்தால், அவருடைய பெற்றோர் அல்லது பாதுகாவலரோ வாகன உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். அவருக்கு 3 ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் விதிக்கப்படலாம். வாகனத்தின் பதிவு 12 மாதங்களுக்கு நீக்கப்படும். வாகனம் ஓட்டிய சிறார், 25 வயது நிறையும்வரை உரிமம் பெறும் தகுதியை இழப்பார். தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க உரிய முயற்சி அனைத்தும் செய்ததாகவோ மெய்ப்பிக்கும் பொறுப்பு பெற்றோரைச் சார்ந்தது.

மகனின் தேர்க்காலில் கன்று ஒன்று சிக்கி இறந்ததற்காக, அவனையே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனின் கதையை நாம் அறிவோம். அங்கே மகன் செய்ததற்கு மகனே பொறுப்பேற்றான். இன்றைய சட்டத்தின்முன் நிற்பவர், சாவியை எடுக்கவிட்ட தந்தையோ தாயோ ஆவார். பிள்ளையின் சிலநிமிட மகிழ்ச்சிக்காகத் தந்தை நீதிமன்றப் படியேறுவதும், அவர் நாள்தோறும் வேலைக்குச் செல்லும் வண்டி ஓராண்டு முடங்கிக் கிடப்பதும் கற்பனை அல்ல. சட்டத்தில் எழுதப்பட்ட விளைவுகள்.

பிடிபடுதலும் ஒரு நன்மையே

10 கி.மீ. தொலைவை மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் கடக்க 10 நிமிடம் ஆகும். 80 கி.மீ. வேகத்தில் சென்றால் ஏழரை நிமிடம் ஆகும். மிஞ்சுவது இரண்டரை நிமிடம். அதுவும் அடுத்த போக்குவரத்து விளக்கில் காத்திருக்கும்போது கரைந்துவிடும். இந்த இரண்டரை நிமிடத்திற்காகவே உரிமமும் பணமும் எதிர்காலமும் உயிரும் பணயம் வைக்கப்படுகின்றன.

வேக மீறலில் பிடிபட்டவர் தம்மைத் தீயூழ் வாய்ந்தவராக எண்ணிக்கொள்கிறார். எண்ணிப்பார்த்தால் அவர் நற்பேறு பெற்றவர். சாலை அவரைத் தண்டிக்குமுன் சட்டம் அவரைத் தடுத்துவிட்டது. சட்டம் விதிக்கும் தண்டத்தைச் செலுத்திவிட்டு வீடு திரும்பலாம். நிறுத்திவைத்த உரிமத்தையும் திரும்பப் பெறலாம். சாலை விதிக்கும் தண்டனைக்கு மேல்முறையீடு இல்லை. விபத்து நேர்ந்தபின் "எல்லாம் விதி" என்று புலம்புவதைவிட, நேருமுன் சாலையோரப் பலகையில் எழுதியிருக்கும் விதியை ஒருமுறை நோக்குதல் நன்று.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பள்ளிக்கு அருகிலுள்ள சாலைகளில் வேக வரம்பைக் குறிக்கும் பலகைகள் எங்கெங்கே உள்ளன எனக் கண்டறிந்து பட்டியலிடுக. பலகை தேவைப்படும் இடங்களையும் குறிப்பிடுக.

2. மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி நிற்பதற்கு எத்தனை மீட்டர் தேவைப்படும் என்பதை, பாடத்தில் உள்ள எடுத்துக்காட்டைப் பின்பற்றிக் கணக்கிடுக.

3. 'சிறார் ஓட்டும் வண்டிக்குப் பெற்றோரைத் தண்டிப்பது முறையே / முறையன்று' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.