கச்சேரியில் அமர்ந்த கவி

அருணகிரியை வலம் வரும் அன்பர்கள் மலையின் மேற்புறத்தை அடையும்போது அடி அண்ணாமலை என்னும் சிற்றூரைக் காண்பர். அங்கே ஆதி அருணாசலேசுவரர் ஆலயம் இருக்கிறது. அதற்கு அணித்தே, வழியருகில், மாணிக்கவாசகருக்கு ஒரு சிறு கோயில் உண்டு. திருவெம்பாவை இவ்விடத்தே பாடப்பெற்றது என்பது வழிவழியாக வந்த நம்பிக்கை. பௌர்ணமிதோறும் திரளாகச் செல்லும் ஜனங்களில் பெரும்பாலோர் அச்சந்நிதியில் கைகூப்பிவிட்டு நடையைத் தொடர்கின்றனர். நாம் அங்கே சற்று நின்று ஒரு விஷயத்தை நினைத்துப் பார்க்க வேண்டும் என்று கருதுகிறோம்.

அங்கே கோயில் கொண்டிருப்பவர் யார்? பிறவித் துறவியா? அல்லர். அவர் ஓர் அரசாங்க உத்தியோகஸ்தர். பாண்டியனிடத்தில் தென்னவன் பிரமராயன் என்னும் பட்டத்துடன் மந்திரி பதவி வகித்தவர். குதிரை வாங்கிவரக் கொடுத்த கஜானாப் பொருளைத் திருப்பெருந்துறையில் ஆலயத்திற்குச் செலவிட்டு, அரசனுடைய கோபத்திற்கும் தண்டனைக்கும் ஆளாகிப் பின்னர் உத்தியோகத்தை உதறியவர் என்பது புராணம் கூறும் வரலாறு. ஆகவே உத்தியோகமும் கவித்துவமும் ஒரே உள்ளத்தில் குடியிருத்தல் கூடுமா என்ற கேள்வி தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. ஆனால் பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர் அக்கேள்வி வேறோர் உருவம் கொண்டது. பாண்டியன் தமிழ் மன்னன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சம்பளம் கொடுத்த எஜமானனோ கடல் கடந்து வந்த வியாபாரக் கம்பெனி. அந்நியனுடைய கச்சேரியில் எழுத்து வேலை பார்த்த ஒருவன், தன் நாட்டிற்கும் மொழிக்கும் உழைத்தவன் ஆவானா? தேச ஊழியர்கள் இதனை ஆராய்வது அவசியம். இவ்வாராய்ச்சிக்கு மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையைக் காட்டிலும் தக்க உதாரணம் நமக்குத் தோன்றவில்லை.

வேதநாயகம் பிள்ளை 1826-ஆம் வருஷம் திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள குளத்தூரில் பிறந்தவர். கத்தோலிக்க கிறிஸ்தவக் குடும்பத்தினர். கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராயிருந்த தியாகராஜ பிள்ளை என்பவரிடம் தமிழும் ஆங்கிலமும் பயின்றார். 1848-இல் திருச்சிராப்பள்ளி நீதிஸ்தலத்தில் தஸ்தாவேஜுகளைக் காக்கும் ரிக்கார்டு கீப்பராக அமர்ந்தார். 1850-இல் மொழிபெயர்ப்பாளர் ஆனார். 1857-இல் முன்சீப் பதவி பெற்றுத் தரங்கம்பாடிக்குச் சென்றார். டேனிஷ்காரர்கள் அவ்வூரைக் கம்பெனியாருக்கு விற்றுப் பன்னிரண்டு வருஷங்களே ஆகியிருந்தன. பின்னர் சீகாழியிலும் மாயூரத்திலும் முன்சீபாயிருந்து 1872-இல் ஓய்வு பெற்றார். ஆக இருபத்துநான்கு வருஷம் சர்க்கார் ஊழியம். அதில் முதல் ஒன்பது வருஷம் குமாஸ்தாவின் மேஜையடியில் கழிந்தது.

அந்த ஒன்பது வருஷங்களின் வேலை எத்தகையது என்பதை இக்காலத்து வாசகர்கள் மனத்தில் வாங்கிக்கொள்ளுதல் வேண்டும். கச்சேரிக்குள் அக்காலத்தில் நுழைந்த தமிழ்க் குடியானவன் முதலில் எதிர்ப்பட்டது நீதியை அன்று, பாஷையையே. வக்கீல், அமீனா, ஜாமீன், ஜப்தி, வாய்தா, பைசல் என்று மொகலாய ஆட்சி விட்டுச்சென்ற சொற்கள் ஒரு புறம். டிக்கிரி, அப்பீல், சம்மன் என்று ஆங்கிலேயன் கொண்டுவந்த சொற்கள் மற்றொரு புறம். மேடைமேல் வீற்றிருந்த துரைக்குத் தமிழ் சரிவர விளங்காது. கீழே நின்ற உழவனுக்கு ஆங்கிலம் அறவே விளங்காது. இருவருக்கும் நடுவே நின்றவன் மொழிபெயர்ப்பாளன். உழவன் கண்ணீருடன் கூறிய வாக்குமூலம் அவனுடைய பேனாவின் வழியாகவே துரையின் செவிக்கு ஏறியது. அவன் ஒரு சொல்லைத் தவறவிட்டால் ஒரு குடும்பத்தின் நிலம் போகும். ஒரு சொல்லைக் கைக்கூலிக்கு விற்றால் நிரபராதி சிறை புகுவான். இத்தகைய இடத்தில் அமர்ந்திருந்தவர் ஒரு கவி.

அக்காலத்துக் கச்சேரிகளின் நிலை எப்படியிருந்தது என்பதற்கு ஆங்கிலேயர் தாமே எழுதி வைத்த சாட்சியம் இருக்கிறது. சென்னை ராஜதானியில் வரி வசூலிப்பதற்காகக் குடிகளைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற புகார் பார்லிமெண்டு வரையில் எட்டியபோது, 1854-இல் ஒரு விசாரணைக் கமிஷன் நியமிக்கப்பட்டது. 1855-இல் அதன் அறிக்கை வெளிவந்தது. விரல்களைக் கிட்டியில் வைத்து நெரித்ததும், உடலை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாள் தண்டனையும் அவ்வறிக்கையில் பதிவாகியுள்ளன. இக்கொடுமைகளை நேரே செய்த கைகள் துரைமாருடையவை அல்ல. நம்மவர்களாகிய ரெவினியூ, போலீஸ் சேவகர்களுடைய கைகளே. வேதநாயகம் பிள்ளை அவ்வருஷங்களில் திருச்சிராப்பள்ளியில் சர்க்கார் காகிதங்களை மொழிபெயர்த்துக் கொண்டிருந்தார். 1859-இல் வெளிவந்த அவருடைய நீதிநூலில் கைக்கூலியைக் கண்டித்துத் தனியே பாக்கள் அமைந்திருப்பது தற்செயல் என்று நாம் நினைக்கவில்லை. நீதிநூல்கள் தமிழில் முன்னரும் பல உண்டு. ஆனால் கச்சேரிப் பாயில் உட்கார்ந்து, லஞ்சம் கைமாறுவதைக் கண்ணாரக் கண்டு, தன் சகாக்களே சினக்கக்கூடும் என்று அறிந்தும் எழுதப்பட்ட நீதிநூல் வேறு.

முன்சீபான பின்னர் அவர் செய்த காரியம் ஒன்று புலவர்களாலும் தேசாபிமானிகளாலும் போதிய அளவு பாராட்டப்படவில்லை. 1862-இல் சித்தாந்த சங்கிரகம் என்னும் நூலை வெளியிட்டார். 1805 முதல் 1861 வரை சதர் கோர்ட்டார் அளித்த தீர்ப்புகளின் சாரத்தைத் தமிழில் தருவது அந்நூல். அதே 1862-இல் சதர் கோர்ட்டு எடுபட்டுச் சென்னை ஹைகோர்ட்டு ஸ்தாபிதமாயிற்று. அரை நூற்றாண்டுக்கு மேல் ஜனங்களின் நிலபுலன்களையும் குடும்ப உரிமைகளையும் நிர்ணயித்த தீர்ப்புகள், அந்த ஜனங்களுக்கு விளங்காத மொழியில் பூட்டிக் கிடந்தன. அப்பூட்டைத் திறந்தவர் இந்தப் பழைய ரிக்கார்டு கீப்பர். அவரை அந்த வேலையைச் செய்யும்படி ஏவிய மேலதிகாரி அவருடைய மனச்சாட்சியே என்று நாம் கருதுகிறோம்.

ஓய்வு பெற்றபின் மாயூரம் நகரசபைக்குத் தலைவராயிருந்தார். 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தில் தம் பொருளைச் செலவிட்டு ஏழைகளின் பசி தீர்த்தார். நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அதனைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனை பாடினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்மீது குளத்துக் கோவை இயற்றினார். சைவப் பெரும்புலவர் ஒருவர் கிறிஸ்தவ நண்பரைக் கோவைத் தலைவராக்கிப் பாடியதும், அந்தக் கிறிஸ்தவ நண்பர் 1878-இல் சர்வ சமய சமரசக் கீர்த்தனை வெளியிட்டதும், வகுப்புப் பூசலை வளர்த்துப் பிழைக்கும் கூட்டத்தார் காதில் விழவேண்டிய செய்திகள்.

1879-இல் பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்தது. தமிழில் முதல் நாவல் அதுவே. வசன நூல்கள் தமிழில் இல்லாத குறையை அதன் முன்னுரையில் அவர் எடுத்துக் கூறினார். கதையினூடே ஒரு முன்சீபின் அனுபவம் முழுதும் பேசுகிறது. தமிழ்நாட்டு நீதிஸ்தலங்களில், தமிழராகிய வக்கீல்கள், தமிழராகிய கட்சிக்காரர்களுக்காக ஆங்கிலத்தில் வாதம் புரியும் விநோதத்தை அவர் எள்ளி நகையாடுகிறார். தன் உயிரையும் உடைமையையும் பற்றிய வழக்கு நடக்கும்போது, கட்சிக்காரன் ஒன்றும் விளங்காமல் விழித்துக்கொண்டு நிற்பது என்ன நியாயம் என்பதே அவருடைய கேள்வி. காங்கிரஸ் மகாசபை பிறப்பதற்கு ஆறு வருஷம் முன்னதாக ஒரு பென்ஷன்தார் கேட்ட கேள்வி இது.

மற்றொரு விந்தையையும் இங்கே குறிப்பிடுவோம். வங்காளத்தில் நாவல் இலக்கியத்தை நிலைநிறுத்தி, வந்தே மாதரம் என்னும் மந்திரத்தை நாட்டிற்கு அளித்த பங்கிம் சந்திரர் 1858 முதல் டிப்டி மாஜிஸ்திரேட். மலையாளத்தில் 1889-இல் இந்துலேகா எழுதிய சந்து மேனன், கோர்ட்டு குமாஸ்தாவாகத் தொடங்கி முன்சீப் ஆனவர். வேதநாயகம் பிள்ளை காலமானதும் அந்த 1889-ஆம் வருஷத்திலேயே. மூன்று மொழிகளில் புது வசனம் சர்க்கார் கச்சேரி வாசற்படியிலிருந்து எழுந்ததற்குக் காரணம் யாது? ஜனங்களின் வழக்குகளையும் பொய்களையும் துயரங்களையும் நாள்தோறும் அவர்கள் வாயாலேயே கேட்கும் வாய்ப்பு வேறு எந்தப் புலவனுக்கும் கிடைக்கவில்லை. மடத்தில் அமர்ந்தவன் செய்யுளைக் கேட்டான். கச்சேரியில் அமர்ந்தவன் பேச்சைக் கேட்டான். லண்டனில் அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கு மேஜையில் முப்பத்துமூன்று வருஷம் உழைத்து 1825-இல் விடுதலை பெற்ற சார்ல்ஸ் லாம்பும், கணக்குப் புஸ்தகத்திற்கு நடுவேதான் இலக்கியம் படைத்தார். ஆனால் லாம்பு எழுதிய கணக்கு அவர் நாட்டாரின் லாபக் கணக்கு. நம்மவர் கட்டி வைத்த காகிதக் கட்டுகளோ தம் நாட்டாரின் கஷ்டக் கணக்கு. இந்த வித்தியாசத்தை மறக்கலாகாது.

நிற்க. வேதநாயகம் பிள்ளையைப் புரட்சிவீரராகச் சித்திரிப்பது நமது நோக்கமன்று. அது சத்தியத்திற்கு விரோதம். அவர் ராஜபக்தி உடையவர். ஆங்கில ஆட்சியை எதிர்த்தவர் அல்லர். மீரத்தில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த 1857-ஆம் வருஷத்தில்தான் அவர் முன்சீப் ஆசனத்தில் அமர்ந்தார். ஆட்சியின் அஸ்திவாரமே அநீதி என்று சொல்லும் துணிவை அவருடைய நூல்களில் தேடினால் கிடைக்காது. பேனா பிடித்த கை கைக்கூலியைத் தொடவில்லை. ஆனால் கைக்கூலியை வளர்த்த அமைப்பின்மீது ஓங்கவும் இல்லை. 1920-இல் மகாத்மா ஒத்துழையாமைக்கு அழைத்து, கோர்ட்டுகளைப் பகிஷ்கரிக்கச் சொன்னபோது வக்கீல் தொழிலை உதறியவர்களின் தியாகம் வேறு வகையைச் சேர்ந்தது. இவ்விரண்டையும் சமமென்று கூறமாட்டோம். ஆயினும், அந்தத் தியாகிகள் மேடைமீது ஏறிப் பேசிய தமிழ் வசனம் எங்கிருந்து வந்தது? அதற்குப் பாதை வெட்டியவர்களுள் மாயூரத்துப் பென்ஷன்தார் ஒருவர். கடன் பட்டவர்கள் கடனை ஒப்புக்கொள்ளவேண்டும்.

மூன்றாவது வழியொன்றும் அண்ணாமலையே நமக்குக் காட்டுகிறது. தென்னாற்காடு கலெக்டர் கச்சேரியில் ரெவினியூ இலாகாவில் பணிபுரிந்த சிவப்பிரகாசம் பிள்ளை, 1902-இல் சர்க்கார் வேலையாகத் திருவண்ணாமலைக்கு வந்தார். மலைமீது விரூபாட்ச குகையில் மௌனமாயிருந்த இளந்துறவி ரமணரைக் கண்டு, நான் யார் என்று வினவினார். எழுத்து மூலமாய்க் கிடைத்த விடைகளைக் குமாஸ்தாவுக்குரிய ஒழுங்குடன் காத்து வைத்தார். 1923-இல் அவை அச்சேறின. 1910-இல் உத்தியோகத்தை விட்டார். ரமணரைப் பற்றி அகவலும் பாடல்களும் இயற்றினார். தஸ்தாவேஜுகளைக் காக்கும் பழக்கம் உலகத்திற்கு ஓர் உபதேச நூலைக் காத்துக் கொடுத்தது. ஒருவர் உத்தியோகத்தில் இருந்தே மொழிக்கு உழைத்தார். ஒருவர் அதனை விட்டுத் தம்மைத் தேடினார். இருவரும் தம் மேஜையின்மேல் கிடந்த காகிதத்திற்கு அடிமையாகவில்லை.

இப்போது நம்மைப் பற்றிப் பேசுவோம். ஆங்கிலேயன் 1947-இல் போய்விட்டான். 1956-இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் இயற்றப்பட்டது. 1976-இல் அது திருத்தப்பட்டுக் கீழ்க்கோர்ட்டுகளில் தமிழுக்கு இடம் கிடைத்தது. உயர்நீதிமன்றத்திலும் தமிழ் வேண்டும் என்று 2006-இல் சட்டசபை தீர்மானம் நிறைவேற்றியது. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகிய நான்கு ராஜ்யங்களின் உயர்நீதிமன்றங்களில் இந்திக்கு இடம் உண்டு. சென்னையில் தமிழுக்கு அந்த உரிமை இன்னும் வரவில்லை. 2019 முதல் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்புகள் சில தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு வெளிவருகின்றன. அதனை வரவேற்கிறோம். ஆனால் 1862-இல் தனி மனிதர் ஒருவர் தம் ஓய்வு நேரத்தில் தொடங்கிவைத்த காரியத்தை, ராஜாங்கம் இத்தனை காலம் கழித்துத்தான் கையில் எடுத்தது என்பதை நினைத்தால் வெட்கப்படாமல் இருக்க முடியவில்லை.

சர்க்கார் அலுவலகங்களில் பேனா பிடிக்கும் ஆயிரக்கணக்கான தமிழ் இளைஞர்களை நாம் கேட்டுக்கொள்வது இதுவே. உங்கள் மேஜைக்கு எதிரே நிற்கும் ஏழையின் மனு அவனுக்கு விளங்கும் மொழியில் இருக்கிறதா? அதற்கு நீங்கள் எழுதும் பதில் அவனுக்கு விளங்குமா? கவி பாட வேண்டாம். நாவல் எழுத வேண்டாம். ஒரே ஓர் உத்தரவையாவது குடியானவன் தானே படித்துப் புரிந்துகொள்ளும் தமிழில் எழுதுங்கள். எழுதியதற்கு ஏதும் கை நீட்டி வாங்காதீர்கள். அன்று அந்நியனுடைய கச்சேரியில் ஒருவரால் இயன்ற காரியம், இன்று நம்முடைய கச்சேரியில் உங்களால் இயலாது என்று சொல்வதற்கு நியாயம் ஏதும் இல்லை.